திசையறிந்து கேட்கும் மைக்

1939இல் தொடங்கிய திருச்சி வானொலிக்கு, தெருச்சத்தம் எட்டாத ஒலிப்பதிவு அறை உண்டு. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில், சன்னல் திறந்த வீட்டிலிருந்து கணினி வழியே திருவாய்மொழி வகுப்பு எடுப்பவருக்கு அது கிடையாது. அவருக்கு மேசையில் வைக்கும், பல மைக்குகள் அடங்கிய அரே மைக்தான் ஏற்றது என்பேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எதிரே பேசுபவரின் குரல் அரேயிலுள்ள மைக்குகளை ஒரே சமயத்தில் எட்டும். பக்கவாட்டிலிருந்து வரும் ஹாரன் சத்தம், 10 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு மைக்குகளைச் சுமார் 0.3 மில்லிநொடி வித்தியாசத்தில் எட்டும். இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் குரல் கூட்டப்படுகிறது, ஹாரன் தணிக்கப்படுகிறது. ஆகவே மைக் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். யுஎஸ்பியில் செருகியதும், ஒலி அமைப்பில் உள்ளீடாக அதையே தேர்ந்தெடுக்கவும் வேண்டும். இல்லையேல் மடிக்கணினியின் சொந்த மைக்கே கேட்டுக்கொண்டிருக்கும்.

வாயருகே நிற்கும் ஹெட்செட் மைக் இதைவிடத் தெளிவாயிற்றே என்பார்கள். உண்மைதான், தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறையும். ஆனால் ஏடு புரட்டி, தலையசைத்து, மணிக்கணக்கில் ஓதுபவருக்கு ஹெட்செட் பெரும் தொந்தரவு. அரேயை முகத்திலிருந்து அரை மீட்டருக்குள் வைத்தால் இழப்பு ஓரளவு குறையும். ஆனால் மின்விசிறியின் தாழ்ந்த இரைச்சலுக்கு அலைநீளம் அதிகம். சிறிய அரேயால் அதன் திசையைப் பிரித்தறிய முடியாது. விசிறியைத் தள்ளித்தான் வைக்க வேண்டும்.