இடைவழியில் விமானம் மாறுவோர்க்கு

1914ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே தொடங்கிய ‘போட் மெயில்’ பிரயாணத்தை முதியோர் பலர் இன்றும் நினைவு கூர்வர். கொழும்புக் கோட்டையிற் சீட்டு வாங்கியவர் தலைமன்னார் வரை புகையிரதத்திற் சென்று, நீராவிக் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து வேறொரு வண்டியில் எழும்பூரை அடைவார். நாடு இரண்டு, வண்டி இரண்டு, இடையே கடலும் கப்பலும். ஆயினும் சீட்டு ஒன்றே. புகையிரதத்தின் வருகையை ஒட்டியே கப்பலின் புறப்பாடும் அமைந்திருந்தது. 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிவுற்றது.

இன்று எம்மவர் குடும்பங்கள் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி எனப் பல நகரங்களிற் பரந்து வாழ்கின்றன. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகத் தாய் தனியே புறப்படுகின்றாள். உயர்கல்விக்காக மாணவன் செல்கின்றான். தந்தையின் ஈமக்கடனுக்காக மகன் விரைந்து வருகின்றான். இவர்களிற் பெரும்பாலோர் இடைவழியில் ஒரு விமானத்தினின்று இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டியவர்களே. சீட்டு வாங்குவோர் முதலில் விலையைப் பார்ப்பர். பின்னர் இடையிற் கிடைக்கும் நேரத்தைப் பார்ப்பர். அவ்விரண்டினும் முக்கியமான ஒன்றை நாம் இங்கு வற்புறுத்த விரும்புகின்றோம். வாங்குவது ஒரு சீட்டா, இரண்டு சீட்டா என்பதே அது.

இரு கம்பனிகளின் விமானங்களிற் செல்வதாயினும், அவை தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டிருப்பின் முழுவழிக்கும் ஒரே சீட்டு வழங்கலாம். அப்போது பொதிகள் பெரும்பாலும் இறுதி நிலையம் வரை அனுப்பப்படும். முதல் விமானம் பிந்தியதால் அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் இடம் தேடித் தருவது கம்பனியின் கடமையாகும். 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும், பல கம்பனிகள் தொடர்ந்து நடத்தும் பயணத்தை, அதில் ஈடுபட்டோர் ஒன்றெனவே கருதியிருப்பின், பிரிவுபடாத ஒரே பயணமாகக் கொள்கின்றது.

இதன் பயனை ஐரோப்பிய நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் காட்டும். ஒரு பெண்மணி ஜேர்மனியின் பிரேமனிலிருந்து பாரிஸ், சாவோ பாவுலோ வழியாகப் பராகுவே நாட்டின் அசுன்சியோனுக்குச் செல்ல ஒரே பதிவில் இடம் பெற்றிருந்தார். முதல் விமானம் ஏறக்குறைய இரண்டரை மணி பிந்தியது. அதனால் அடுத்தடுத்த விமானங்கள் தவறி, அவர் 11 மணி நேரம் பிந்தியே போய்ச் சேர்ந்தார். முதல் விமானத்தின் தாமதத்தை மட்டுமன்றி, இறுதி இடத்தை அடைந்தபோது இருந்த தாமதத்தையே கணக்கிடவேண்டும் என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றொரு வழக்கிலே பிராக் நகரிலிருந்து அபுதாபி வழியாகப் பாங்கொக் சென்றோர்க்கு இரண்டாவது கம்பனியின் விமானத்திலேயே தாமதம் நேர்ந்தது. எனினும், ஒரே பதிவின் கீழ் முதல் விமானத்தை நடத்திய கம்பனியே நட்டஈட்டுக்குப் பொறுப்பென 2019இல் முடிவாயிற்று. இவ்விதி ஐரோப்பாவோடு தொடர்புற்ற பயணங்களுக்கே உரியதெனினும், பிரயாணிகளைக் காத்தது ஒற்றைப் பதிவே என்பதை எவரும் மனங்கொள்ளல் தகும்.

தனித்தனியே வாங்கிய இரண்டு சீட்டுகள் இரண்டு தனி ஒப்பந்தங்களாகும். முதல் விமானம் பிந்தியதை இரண்டாவது கம்பனி கேட்டு இரங்கலாம். ஆனால் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வராதவர் என்று பதிந்து, அச்சீட்டின் எஞ்சிய பகுதியை, சிலவேளை திரும்பும் பயணத்தையும், நீக்கிவிடுதலும் உண்டு.

நேரத்தின் கணக்கும் மாறிவிடும். மூன்று மணி இடைவெளி தாராளமெனத் தோன்றும். ஆனால் பொதியை ஏற்கும் கருமபீடம் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னதாகவே மூடப்படுதல் பல கம்பனிகளின் வழக்கம். குடிவரவைக் கடந்து, பொதியைப் பெற்று, மீண்டும் வரிசையில் நிற்க மற்றொரு மணி கழியும். ஆகவே, முதல் விமானத்தின் தாமதத்துக்கென எஞ்சுவது ஒரு மணியே!

விசாவின் சிக்கல் இதனினும் பெரிது. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளின் 2009ஆம் ஆண்டு விசாச் சட்டம், விமான நிலையத்தின் உள்ளேயே விமானம் மாறுவதற்கும் விசா பெறவேண்டிய நாட்டவரின் பட்டியலில் இலங்கையரையும் சேர்த்தது. செல்லுபடியாகும் ஷெங்கன், கனடா, ஐக்கிய அமெரிக்க விசாக்களை உடையோர் போன்ற சிலருக்கு விலக்குண்டு. பலாலி நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமானங்களுக்குத் திறக்கப்பட்டபின், சென்னை சென்று அங்கிருந்து அப்பாற் பறக்க எண்ணுவோரும் உளர். இரண்டு சீட்டோடு சென்று சென்னையிற் பொதியைக் கையிற் பெறவேண்டுமாயின், இந்தியக் குடிவரவைக் கடந்தே ஆகவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். சீட்டு மலிவு என்று மகிழ்ந்தவர் பலாலியிலேயே தடுக்கப்படவும் கூடும்.

ஒரே சீட்டென்பதால் முற்றும் கவலையற்றிருக்கலாம் என்பதன்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாறுவதற்கான மிகக்குறைந்த நேரம் வகுக்கப்பட்டுள்ளது. வியன்னா 25 நிமிடத்தையும் பிராங்போட் 45 நிமிடத்தையும் தம் சிறப்பாக விளம்பரஞ் செய்ததுண்டு. அவை விரைந்து நடக்க வல்லார்க்கு ஏற்றவை. முழங்கால் நோவுடைய பாட்டிக்கும் கைக்குழந்தையோடு செல்லும் தாய்க்கும் பொருந்தா. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரைக் கொண்டே நேரத்தை அளத்தல் வேண்டும். சக்கர நாற்காலி தேவையாயின் முன்னரே சொல்லிவைத்தல் நன்று. ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்வோர், அந்நாட்டில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பொதுவாகப் பொதியைப் பெற்று மீண்டும் ஒப்படைக்கவேண்டும் என்பதையும் கணக்கிற் கொள்க. இலண்டனில் ஹீத்ரோவில் இறங்கிக் கற்விக்கில் ஏறுவதாயின், இடையே உள்ள தரைவழி ஏறக்குறைய 65 கிலோமீற்றர்.

சீட்டு ஒன்றா, இரண்டா என அறிவது எங்ஙனம்? இணையத்தில் ஒரே தொகைக்கு விற்கப்படுவதும் உள்ளே இரண்டாக இருக்கக்கூடும். பெரும்பாலான கம்பனிகளின் சீட்டு இலக்கம் 13 எண்களைக் கொண்டது. முதல் மூன்றும் அதை வழங்கிய கம்பனியைக் குறிக்கும். எல்லா விமானங்களுக்கும் அவ்விலக்கம் ஒன்றேயாயின் சீட்டும் ஒன்றே. ஐயமிருப்பின் முகவரிடம் எழுத்திற் கேட்டுப் பெறுக.

பொதியைக் கொடுத்தபின், அதிற் கட்டப்படும் பட்டியையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியொன்றுண்டு, கொழும்புக்கு சீ.எம்.பி. என்பது அது. இறங்கவேண்டிய இறுதி நகரின் குறி பட்டியிலே காணப்படாவிடின் அங்கேயே வினவுக. மருந்து, கடவுச்சீட்டு, மாணவனின் சான்றிதழ்கள் என்பன எந்நாளும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். முதல் விமானம் பிந்துவதாகத் தெரிந்தால் உள்ளிருக்கும் பணியாளரிடம் உடனே சொல்லுக. இறங்கியதும் மாற்றுப் பயணக் கருமபீடத்தை நாடுக.

இரண்டு சீட்டு வாங்குவதே கூடாது என்பது எம் கருத்தன்று. காலம் தாராளமாக உள்ள மாணவன், விசாவும் கையிலிருப்பின், இடைநகரில் ஓரிரவு தங்கிச் செல்லலாம். மிச்சப்பட்ட பணமும் அவனுக்கு உதவும். ஆனால் குறித்த நாளிற் கொள்ளிவைக்க வேண்டிய மகனுக்கும், மொழி தெரியாத ஊரிலே தனித்து இறங்கும் தாய்க்கும் அத்தகைய சீட்டை வாங்கிக் கொடுத்தல் முறையன்று. அவர்களுக்கு ஒரே சீட்டை, சற்றுக் கூடிய விலை கொடுத்தாயினும், வாங்குதலே குடும்பத்தவரின் கடன்.