வாகனம் ஓடாத கரைகள்: சைக்கிள் பாதைகளும் எமது வயல் வரம்புகளும்

மடவளைக் கடைத்தெருவிலிருந்து கண்டிக்கோ வத்தேகமவுக்கோ சைக்கிளில் போய்ப் பார்த்தவர்களுக்கு இரண்டு துன்பங்கள் தெரியும். ஒன்று ஏற்றம். மற்றது, முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ். கண்டிப் பிரதேசம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சமதரை என்று சொல்ல இங்கே அதிகம் இல்லை. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. பழைய தோட்ட வண்டிப் பாதைகளை இணைத்து 22 பகுதிகளாக அமைத்திருக்கிறார்கள். ஆனால் அது முக்கியமாக நடப்பவர்களுக்கான பாதை.

எமது வாசகர்களில் அனேகர் வளர்ந்தது வேறு மண்ணில். மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய கரையோரங்களில் வயலும் தோட்டமும் செய்த குடும்பங்கள் அவை. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் வடக்கில் மரக்கறி மூட்டையும் விறகும் நோயாளியும் போனது சைக்கிளில்தான். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள் தங்கள் வீட்டின் மிச்சத்தைக் கட்டி வைத்ததும் சைக்கிள் கரியரில்தான். ஆகவே சைக்கிளைப் பற்றி இவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. நாம் இங்கே விளக்க முற்படுவது வேறு ஒன்று. ஊர் திரும்பியவர்களிடமோ, திரும்ப நினைப்பவர்களிடமோ ஒரு நாள் யாராவது வந்து, “உங்கள் வாய்க்கால் கரையில் உல்லாசப் பயணிகளுக்குச் சைக்கிள் பாதை போடப் போகிறோம்” என்று சொல்லக்கூடும். அது என்ன, எப்படி இயங்குகிறது, அதனால் எமக்கு என்ன வரும், எம்மிடமிருந்து என்ன போகும் என்பதே கேள்வி.

முதலில், வருகிற ஆள் யார் என்று பார்ப்போம். சைக்கிளில் நாடு பார்க்க வருகிறவர் பந்தயக்காரர் அல்லர். பின்சில்லின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோமீற்றர் ஓடி, இரவு தங்கி, மறுநாள் தொடர்வார். அவருக்கு வேண்டியவை மிகச் சாதாரணமானவை: சமதரை, நிழல், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பிடம், சோறு, படுக்க ஓர் இடம், ரியூபுக்கு ஒட்டுப் போட ஓர் ஆள். எல்லாவற்றிலும் மேலாக, லொறியும் பஸ்ஸும் வராத வழி. காரில் வருகிறவர் பெரிய ஹோட்டலில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சைக்கிள்காரர் பத்து கிலோமீற்றருக்கு ஒரு தடவையாவது நிற்கத்தான் வேண்டும். அவருக்குத் தாகம் எடுக்கும். அவருடைய பணம் சிறு சிறு தொகையாகப் பல கைகளுக்குப் போவது இதனால்தான்.

வாகனம் ஓடாத வழியைப் புதிதாக உருவாக்குவது பெருஞ்செலவு. அதனால் உலகில் எங்கும் இப்படிப்பட்ட பாதைகள் பெரும்பாலும் வேறொரு தேவைக்காக முன்னரே போடப்பட்ட வழிகளின் மேல்தான் அமைகின்றன. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்னும் இரு நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட ரயில் பாதையை, 1977இல் தொடங்கிய ஒரு தொண்டர் குழு 1979க்கும் 1986க்கும் இடையில் சைக்கிள் பாதையாக்கியது. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீற்றர். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் சைக்கிளுக்கும் அது தோதாக அமைந்தது. எமது வடக்கு ரயில் பாதையிலும் 1990க்குப் பின் இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓடவில்லை. ஆனால் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் தலைமன்னாருக்கும் ரயில் திரும்பி வந்துவிட்டது, அது நல்லதே. ஆகவே எம் கரையோரங்களில் மிஞ்சுபவை இரண்டு: கால்வாய்க் கரையும் குளக்கட்டும்.

கால்வாய்க் கரைக்கு எம் நாட்டில் சிறந்த உதாரணம் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் உள்ள ஹமில்டன் கால்வாய். நீளம் 14.5 கிலோமீற்றர். பிரித்தானியர் காலத்தில் 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்தார்கள். களனி கங்கைப் பக்கத்திலிருந்து ஹெந்தல, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம வழியாக நீர்கொழும்பு வாவியை அடைகிறது. மேற்கே சற்றுத் தூரத்தில் கடல். கிழக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம். சில இடங்களில் வாகன வீதி கால்வாயோடு ஒட்டிப் போகிறது. அங்கே கவனம் வேண்டும். நீர்கொழும்புக்கு வடக்கே பழைய ஒல்லாந்தர் கால்வாய் வைக்கால், மாரவில, சிலாபம் என்று தென்னந்தோப்புகளுக்கூடாகப் புத்தளம் வரை நீள்கிறது. கொழும்பு–புத்தளம் பெருவீதி ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அதில் லொறிகள் பாய்கின்றன. கால்வாய்க் கரையிலோ வலை காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீர்கொழும்புக்கு வரும் வெளிநாட்டவரைச் சைக்கிளில் இந்தக் கரைகளுக்குக் கூட்டிப்போவது அங்கே ஒரு தொழிலாகவே இருக்கிறது.

கமக்காரர் அறிய வேண்டிய கதை ஒன்று இந்தக் கால்வாய்க்குப் பின்னால் உண்டு. முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. பெயரிலேயே வயல் இருக்கிறது. சிங்களத்தில் ‘வெல’ என்றால் வயல். வாசனைத் திரவியங்களைப் படகில் கொண்டுபோக அந்நிய ஆட்சியாளர் வெட்டிய கால்வாய் வழியாகக் கடல் நீர் வயலுக்குள் ஏறியது. ஒல்லாந்தர் கதவுகள் வைத்துத் தடுத்துப் பார்த்தார்கள். உப்பு நீரை வடித்து வயலை மீட்கலாம் என்ற எண்ணமும் ஹமில்டன் கால்வாயை வெட்டியதில் இருந்தது. வயல் மீளவில்லை. இன்று அது பறவைகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் புகலிடம். அதன் வடபகுதி 1996இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. உல்லாசப் பயணி இயற்கை அழகு என்று படம் எடுத்துப் போகும் இடம் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பெரும்போக வயல். வழி வெட்டியவர்கள் படகைத்தான் பார்த்தார்கள், தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கவில்லை. சைக்கிள் பாதைக்காக மதகை ஒடுக்கினாலும், வடிகாலை மண் போட்டு மூடினாலும், சிறிய அளவில் அதே காரியம்தான் நடக்கும்.

குளக்கட்டைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. கட்டு இருப்பது தண்ணீரைத் தாங்க. சைக்கிளின் பாரம் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் பாதை என்று பெயர் வைத்து மேலே செப்பனிட்டதும் மோட்டார் சைக்கிள் வரும், பிறகு முச்சக்கரவண்டி, பிறகு மணல் ட்ரக்டர். இதனால் வெளிநாடுகளில் பாதையின் இரு முனையிலும் குட்டையான தூண்கள் நடுகிறார்கள். சைக்கிள் நுழையும், கார் நுழையாது. எம்மிடத்தில் நடுத் தூண் கழற்றிப் பூட்டுப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். அறுவடை இயந்திரமும் உர மூட்டையும் அவ்வழியே போக வேண்டியிருக்கும் அல்லவா? அந்தத் திறப்பு யார் கையில் இருக்கும் என்பது சிறிய கேள்வி போலத் தெரியும். எம் மதிப்பில் அதுதான் முதற் கேள்வி. கமக்காரர் அமைப்பின் கையில் இருந்தால் பாதை ஊருடையது. வேறொருவர் கையில் இருந்தால், உங்கள் வயலுக்குப் போக நீங்கள் அனுமதி கேட்க வேண்டிவரும்.

வருமானம் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. பிரான்ஸின் மேற்குக் கரையில் ரே என்றொரு தீவு உண்டு. தட்டையான நிலம், உப்பளங்கள், நூறு கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் பாதை. அங்கே உப்பு விளைவிப்பவர்கள் பாதையோரத்திலேயே உப்பைச் சிறு பைகளில் விற்கிறார்கள். புத்தளத்து உப்பளங்களை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: மூட்டை விலைக்கும் சிறு பை விலைக்கும் உள்ள வித்தியாசம் விளைவித்தவர் கைக்கே வருகிறது. எம்மிடம் இளநீர், பனங்கட்டி, ஒடியல், கச்சான், வெள்ளரிப்பழம் உண்டு. வீட்டுச் சோறும் உண்டு. ஆனால் வடகீழ்ப் பருவமழை மாதங்களில் வடக்குக் கிழக்குக் கரைகள் சேறாகும், ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே இது பயிருக்குப் பக்கத்தில் ஒரு வருமானமே தவிர, பயிருக்குப் பதிலான வருமானம் அல்ல. இதை நம்பிக் கடன் எடுத்து அறைகள் கட்ட வேண்டாம். நெடுந்தீவைப் போல வாகனம் குறைந்து சைக்கிளுக்கு ஏற்ற வழிகள் ஏற்கெனவே உள்ள ஊர்களில், பாதை போடவே தேவையில்லை. நிழலும் தண்ணீரும் வழிகாட்டிப் பலகையும் போதும்.

கடைசியாகக் காணி விடயம். வாய்க்கால் கரையும் குளக்கட்டும் பொதுவாக அரச ஒதுக்குநிலம். இடம்பெயர்ந்து போன பின் அந்த ஒதுக்கில் குடிசை போட்டவர்களும், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்களும் எம் வாசகர்களில் உண்டு. பாதைக்காக நிலம் அளக்கும்போது எல்லைக் கேள்வி தானாக எழும். அளவையாளர் வருவதற்கு முன்னரே பிரதேச செயலகத்துக்குப் போய், உங்கள் பத்திரத்தின் பிரதி அவர்களுடைய கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரைக்கு அருகில் என்றால் இன்னொன்றும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்டவும் நிலம் நிரப்பவும் அனுமதி வேண்டும். பாதை போட வருகிறவர்களுக்கும் அது பொருந்தும். அனுமதிப்பத்திரத்தைக் காட்டும்படி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

கூட்டத்தில் வாய்ப்பேச்சாகச் சொல்வதைக் கூட்ட அறிக்கையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்: வெள்ளத்தில் கரை உடைந்தால் திருத்துவது பிரதேச சபையா, நீர்ப்பாசனத் திணைக்களமா, விதைப்பு அறுவடைக் காலங்களில் பாதையை மூடும் நாட்களை யார் தீர்மானிப்பது, மாடு குறுக்கே வந்து பயணி விழுந்தால் யார் பொறுப்பு. பெண்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். காலையில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அந்தக் கரையால் போகிறவர்கள் அவர்கள்தான். எந்த மதகடியில் சில்லு சறுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.