பின்னால் ஏற்றினால் முன்னால் குறையும்

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். பேச வேண்டியதும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்தான். டிராக்டருக்குப் பின்னால் பேலட் தூக்கும் ஃபோர்க் ஒன்றை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியுமா என்றால், தாராளமாக முடியும். கொக்கிக் கலப்பையும் ரொட்டவேட்டரும் மாட்டுகிற அதே மூன்று இடத்தில் இதுவும் மாட்டிக்கொள்ளும். நிமிர்ந்த சட்டம் ஒன்று, அதன் அடியிலிருந்து பின்பக்கம் நீளும் ஃபோர்க் இரண்டு. அவ்வளவுதான் உருப்படி.

பட்டறைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது, "இந்த இரும்பு எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். எடை டிராக்டரிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வில்லங்கம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மூன்று இடத்தில் மாட்டும் இந்த ஏற்பாட்டை 1920களில் உருவாக்கியவர் ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். நம்மூர் வயல்களில் ஓடும் மாசி பெர்குசனில் இருப்பது அவர் பெயர்தான். அவர் மனதில் இருந்தது கலப்பை. உழும்போது மண் கலப்பையின் அடியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. அதனால் கலப்பையின் தலை முன்னால் சாய்ந்து, அந்த மூன்றில் மேலே இருக்கும் டாப் லிங்கைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முன் சக்கரம் எழும்பிவிடாமல் அடக்குகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஃபோர்க்கில் எடை ஏற்றும்போது இதே கணக்கு தலைகீழாகிறது. எடை பின்னால் தொங்குவதால் சட்டத்தின் தலை டிராக்டரைவிட்டு விலகப் பார்க்கிறது. டாப் லிங்க் இப்போது தள்ளப்படவில்லை, இழுக்கப்படுகிறது. முன் சக்கரத்தை அடக்க யாருமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 ஹெச்பி வண்டி, எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் முன் சக்கரங்களின் மேல் 800 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 1.9 மீட்டர். பின் அச்சிலிருந்து கீழ் லிங்க் முனை சுமார் 85 செ.மீ. தள்ளி இருக்கும். சட்டத்துக்கு ஒரு 15 செ.மீ. பேலட்டின் நடுப்பகுதி அங்கிருந்து இன்னும் 50 செ.மீ. ஆக, எடை உட்காருவது பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டரில். 500 கிலோவை அங்கே வைத்தால், 500-ஐ ஒன்றரையால் பெருக்கி 1.9-ஆல் வகுக்க, முன் சக்கரத்திலிருந்து ஏறக்குறைய 395 கிலோ காணாமல் போகிறது. ஃபோர்க்கின் சொந்த எடை 150 கிலோ இருந்தால், அது டிராக்டருக்கு இன்னும் கிட்டே உட்காருவதால், அதற்கு ஒரு 87 கிலோ. மிச்சம் 318.

வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது இங்கே 400 கிலோ. அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் லேசாகிவிடும். திருப்பினால் வண்டி நேராகவே போகும். முன்னால் 100 கிலோ வெயிட் மாட்டினால் கணக்கு சரிக்கட்டும். வெயிட் இல்லாமல் 300 கிலோவோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் அடுக்கிய ஒரு பேலட்டைப் பாருங்கள். ஐந்து கிலோ கட்டிகள், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள்; மொத்தம் ஒரு டன்னைத் தாண்டிவிடும். "லிஃப்ட் 1,500 கிலோ தூக்கும்னு புக்குல போட்டிருக்கே" என்பார் டிரைவர். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் 1,100 கிலோவை ஒன்றரை மீட்டரில் வைத்தால் முன்னால் குறைவது 868 கிலோ. முன்னால் இருந்ததே 800. தூக்குவது பேலட்டையா, டிராக்டரின் மூக்கையா என்பதை லிஃப்ட் பார்க்காது.

ஆகவே சட்டம் செய்யும்போது ஒவ்வொரு விரற்கடையும் கணக்கு. டிராக்டர் பக்கத்து பின்களை எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி வையுங்கள். 1,200-க்கு 1,000 மி.மீ. பேலட் என்றால் 1,000 பக்கம் உள்ளே போகும்படி நுழையுங்கள். மாற்றி நுழைந்தால் எடை 10 செ.மீ. பின்னால் போய்விடும். பட்டறைக்காரர் பாசத்தோடு ஒரு காரியம் செய்வார்: சட்டமும் ஃபோர்க்கும் சேரும் உள்மூலையில் முக்கோணத் தகடு ஒன்றை வைத்து வெல்டு அடிப்பார். பலமாகத்தான் இருக்கும். ஆனால் பேலட் அந்த முக்கோணத்தில் இடித்து, சட்டத்தைத் தொடும் முன்பே நின்றுவிடும். எடை மறுபடியும் தள்ளிப் போயிற்று. அதற்குப் பதில் 'எல்' வடிவில் வெட்டிய 10 மி.மீ. தகட்டை மூலையின் இரண்டு பக்கவாட்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். உள்மூலை காலியாக இருக்கும், பேலட் சட்டத்தில் வந்து முதுகு சாயும்.

ஃபோர்க்குக்கு என்ன இரும்பு? பழைய இரும்புக் கடையில் ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து கழற்றிய ஃபோர்க் கிடைக்கும். நல்ல சரக்குதான், ஆனால் ஏன் கழற்றினார்கள் என்று பாருங்கள். குதிகால் மாதிரி வளையும் இடத்தில் தரையில் தேய்ந்து தேய்ந்து பத்தில் ஒரு பங்கு கனம் போய்விட்டால் ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கனம் பத்து சதவீதம் குறைந்தால் பலம் கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறையும் என்பதுதான் காரணம். ஒரு வெர்னியரை எடுத்துக்கொண்டு போய், நேரான முதுகுப் பகுதியின் கனத்தையும் குதிகாலின் கனத்தையும் அளந்துவிட்டு விலை பேசுங்கள். வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பேசவே வேண்டாம். இன்னொன்று: அது சூட்டில் பதப்படுத்திய இரும்பு. அதன் மேல் வெல்டு வைத்தால் பதம் கெட்டு வெல்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். பின்பக்கக் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும்படி சட்டத்தில் மேலும் கீழும் பட்டை வைத்து, அதில் தொங்கவிடுவதுதான் முறை.

புதிதாகச் செய்வதானால் 75-க்கு 75 மி.மீ., 5 மி.மீ. கனமுள்ள சதுர பைப் போதும். ஃபோர்க் ஒன்றுக்கு 250 கிலோ வைத்து அசையாமல் நின்றால் பைப்பின் திறனில் ஆறில் ஒரு பங்குதான் செலவாகும். வண்டி குழியில் இறங்கும்போது எடை இரண்டு மூன்று மடங்காக உதைக்கும்; அதற்கும் இடம் இருக்கிறது. நுனியைக் கத்தி மாதிரி சீவி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பேலட் பலகையைக் குத்திக் கிழிக்கும். பைப் கிடைக்காமல் பட்டை எடுத்தால், 20 மி.மீ. பட்டை இரண்டை ஒன்றன் மேல் ஒன்று சும்மா வைத்து '40 ஆச்சே' என்று நினைக்காதீர்கள். அடுக்கிய இரண்டு பட்டைக்கு இரட்டைப் பலம்தான். ஒரே கட்டியாக 40 மி.மீ. என்றால் நாலு மடங்கு.

டாப் லிங்க் பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பேசிய 500 கிலோவுக்கு, ஃபோர்க்கின் சொந்த எடையையும் சேர்த்து, டாப் லிங்க் ஓட்டை கீழ்ப் பின்னிலிருந்து 460 மி.மீ. உயரத்தில் இருந்தால் அதன் மேல் 800 கிலோ அளவு இழுவை வரும். 610 மி.மீ. உயரத்தில் வைத்தால் 600 கிலோவாகக் குறையும். 45 ஹெச்பி வண்டிகளில் பெரும்பாலும் 610-தான் அளவு. மேல் பின் 25 மி.மீ., கீழ்ப் பின் 28. மேல் பின் தொலைந்துவிட்டதென்று கைக்குக் கிடைத்த போல்ட்டைச் சொருகிக்கொண்டு ஓட்டுவது நம் ஊரில் சகஜம். கலப்பைக்கு அது ஓடிவிடும். இங்கே போல்ட் அறுந்தால் சட்டம் மொத்தமும் பின்னால் கவிழ்ந்துவிடும்.

ஓட்டும்போது லிஃப்டின் இரண்டு லிவரில் பொசிஷன் லிவரை மட்டும் பயன்படுத்துங்கள். டிராஃப்ட் லிவர் மண்ணின் இழுவைக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதற்கு இங்கே வேலையில்லை. கீழ் லிங்கின் பக்கச் சங்கிலிகளை இறுக்கி, சுமை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினால் போதும். மேட்டில் ஏற வேண்டுமென்றால் ரிவர்ஸில் ஏறுங்கள், இறங்கும்போது முன்பக்கமாக இறங்குங்கள். சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். லாரியில் ஏற்றும் ஆசை வேண்டாம். இந்த லிஃப்ட் இரண்டடிக்குச் சற்று மேல்தான் எழும்பும்.

நான் சொன்ன எண்கள் ஒரு மாதிரி வண்டிக்கு. உங்கள் வண்டிக்குத் தெரிந்துகொள்ள சுலபமான வழி எடைமேடை. முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி, ஃபோர்க் காலியாக இருக்கும்போது ஒரு சீட்டு எடுங்கள். பிறகு 50 கிலோ சிமெண்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, முன்னால் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கை முன் சக்கரம் தொடும்போது நிறுத்திவிட்டு, ஃபோர்க்கில் எத்தனை மூட்டை என்று எண்ணி, அந்தக் கிலோவைப் பெயிண்டால் சட்டத்தின் மேலேயே எழுதுங்கள். எந்த டிராக்டரில் மாட்டி எடுத்த எடை, முன்னால் வெயிட் இருந்ததா இல்லையா என்பதையும் கூடவே எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் இரவல் வாங்கிப் போய்த் தன் வண்டியில் மாட்டுவார்.