மேக்ரோவுக்கும் ஒரு டோர் நம்பர்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் முதன்முதலாக ஒரு கம்பெனியைத் தேடிப் போன அனுபவம் உண்டா சார் உங்களுக்கு? "பெரிய கேட்டு, பக்கத்துல டீக்கடை" என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். எஸ்டேட் முழுக்கப் பெரிய கேட்தான், பக்கத்தில் டீக்கடைதான்! எத்தனையாவது மெயின் ரோடு, ப்ளாட் நம்பர் என்ன, நார்த் ஃபேஸா, சவுத் ஃபேஸா... இதெல்லாம் தெரியாவிட்டால் 600058 என்ற பின்கோடை வைத்துக்கொண்டு வெயிலில் அலைய வேண்டியதுதான்.

எக்ஸெல் மேக்ரோவிலும் நான் அப்படி அலைந்திருக்கிறேன்.

அதே எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் (பேர் வேண்டாமே!) அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளக் கணக்கு மொத்தமும் ஒரே எக்ஸெல் ஃபைலில் ஓடியது. பட்டனை அமுக்கினால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்து, ஓ.டி. சேர்த்து, ஸ்லிப்பாக வந்து விழும். உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் ஆல்ட்-எஃப்11 அமுக்கிப் பார்த்தேன். 2,300 வரி! எனக்கு முன்னால் அந்த நாற்காலியைத் தேய்த்த மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சமாக, ஒரே மாட்யூலில் எழுதித் தள்ளியது. ஒரு வேலையைச் செய்கிற வரிகளுக்கு மொத்தமாக ஒரு பெயர் வைத்தால் அது ஒரு புரொசீஜர். இவர்கள் வைத்த பெயர்களைக் கேளுங்கள்... மேக்ரோ1, மேக்ரோ14, டெஸ்ட், புதுசு, புதுசு_ஒரிஜினல்!

2019 ஜூலை 1 முதல் தொழிலாளியிடம் பிடிக்கும் ஈ.எஸ்.ஐ. 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகக் குறைந்தது. அடியேன் கண்ட்ரோல்-எஃப் போட்டு 1.75 என்று தேடினேன். ஓரிடத்தில் கிடைத்தது. மாற்றினேன். சாம்பிளுக்கு ஒரு ஸ்லிப்பை எடுத்துச் சரிபார்த்தேன் (என்னுடையதுதான், ஹி... ஹி...). பேஷாக இருந்தது. ஆவடி லோக்கலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 7, சம்பள நாள். லேத் ஓட்டும் பெரியவர் ஸ்லிப்போடு வந்து நின்றார்.

"தம்பி, ஈ.எஸ்.ஐ. கொறைச்சுட்டாங்கன்னு டீக்கடையில பேசிக்கறாங்களே... எனக்கு அதே 263 ரூபாதான் புடிச்சிருக்கு?"

"இருக்காதுண்ணே, கம்ப்யூட்டர் போட்டது..." என்று ஆரம்பித்து, ஸ்லிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். 15,000 ரூபாய்க்கு 113 பிடித்திருக்க வேண்டும். மனுஷருக்கு 150 ரூபாய் நஷ்டம். அவருக்கு மட்டுமா? தினக்கூலிக்காரர்கள் அத்தனை பேருக்கும்!

அன்று சாயந்திரம் மாட்யூலுக்குள் இறங்கினேன். மவுஸைச் சுருட்டிச் சுருட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த எடிட்டரிலேயே வழிகாட்டிப் பலகை இருக்கிறது. கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை அமுக்கினால் அடுத்த புரொசீஜர். மேல் அம்பு என்றால் முந்தையது. ஒரு புரொசீஜரின் பெயர்மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட்-எஃப்2 தட்டினால் அது எழுதப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் இறக்கிவிடும். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்2 ரிட்டர்ன் டிக்கெட்! ஜன்னலின் வலது மேல் மூலையில் உள்ள பெட்டியைத் திறந்தால் எல்லா புரொசீஜரும் அகர வரிசையில் நிற்கின்றன. (புக்மார்க்கும் உண்டு. ஆனால் ஃபைலை மூடினால் போயே போச்சு!)

சம்பள பட்டனிலிருந்து ஷிஃப்ட்-எஃப்2 போட்டுக்கொண்டே போனேன். தினக்கூலிக் கணக்கு 'டெஸ்ட்' என்ற பெயரில் பதுங்கியிருந்தது. அதில் 0.0175 என்று இருந்தது. பாக்கிச் சம்பளக் கணக்கு 'புதுசு'க்குள். அதை எழுதிய மகானுபாவர் 7/400 என்று போட்டிருந்தார்! கணக்குப்படி ரொம்பச் சரி. ஆனால் 1.75 என்று தேடினால் இந்த ஜென்மத்தில் கிடைக்குமா?

இந்த அவஸ்தைக்கு மருந்து நம் தாத்தா காலத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. கேம்பிரிட்ஜில் 1949ல் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. வில்க்ஸ், வீலர், கில் என்ற மூவர், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் தனித்தனியாகச் சேமித்து வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து, ஒரு நம்பர். அச்சடிக்கிற வேலை என்றால் 'பி', திரிகோணமிதி என்றால் 'டி'. 1951ல் இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். நம்ம ஊர் நார்த் ஃபேஸ், சவுத் ஃபேஸ் மாதிரிதான்!

மறுநாள் நானும் பெயர் மாற்றும் வைபவத்தில் இறங்கினேன். சம்பளம்_மாதம், சம்பளம்_தினக்கூலி, பிடித்தம்_பிஎஃப், பிடித்தம்_ஈஎஸ்ஐ, அச்சு_ஸ்லிப்... பெட்டியில் அகர வரிசை என்பதால் ஒரே ஜாதி வேலைகள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்புறம் மாட்யூலையே மூன்றாகப் பிரித்தேன். இங்கே ஒரு தகராறு உண்டு. "மாட்யூல் நீளமா இருந்தா என்ன சார், ஓடுதில்ல?" என்பார்கள். நீளம் தப்பில்லைதான். ஒரே புரொசீஜரை 64 கே-க்கு மேல் ஊதினால்தான் 'டூ லார்ஜ்' என்று வி.பி.ஏ. கையை விரிக்கும். ஆனால் 1972ல் டேவிட் பார்னாஸ் என்ற நிபுணர் வேறு ஒன்றைச் சொன்னார்: நாளைக்கு மாறக்கூடிய விஷயம் எதுவோ, அதை ஒரே மாட்யூலுக்குள் அடைத்து வை. என் ஓட்டு அவருக்குத்தான். ஈ.எஸ்.ஐ. விகிதம் இப்போது மாட்யூலின் தலையில் ஒரே ஒரு வரி. மற்ற எல்லோரும் அங்கே வந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவருக்கு 150 ரூபாயைக் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் குடுத்துட்டியா தம்பி?" என்றார். "குடுத்தாச்சுண்ணே."

மாற்றாமல் விட்டது 'புதுசு_ஒரிஜினல்' ஒன்றைத்தான். எந்த பட்டனும் அதைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் அழிக்கக் கை வரவில்லை சார்!