முப்பது எழுத்துக்குள் ஒரு கடை



கூகுளில் நாம் ஒன்றைத் தேடினால், விடைகளோடு காசு கட்டிய விளம்பரங்களும் வருகின்றன. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இது. 2018 முதல் தமிழிலும் கொடுக்கலாம். அதில் முதலில் கண்ணில் படுவது தலைப்புதான்.

ஒரு விளம்பரத்துக்கு 15 தலைப்புகள் வரை எழுதித் தரலாம். இடைவெளியும் சேர்த்து ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கூகுள் அவற்றில் அதிகபட்சம் 3-ஐச் சேர்த்துக் காட்டும். எது எதோடு சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு தலைப்பும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். விளம்பரத்தைப் பார்த்தால் செலவில்லை. தொட்டு உள்ளே வந்தால்தான் நமக்குச் செலவு. இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

எங்க அப்பா பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவர். டிப்ளமோ சேர்ந்த பெருமையில் அவரிடம் 500 ரூபாய் வாங்கி, 'மோட்டார் சர்வீஸ், தரமான சேவை' என்று விளம்பரம் போட்டேன். நாலே நாளில் பணம் தீர்ந்தது. வந்த போன் எல்லாம் பைக் சர்வீசுக்கு!

அப்பா திட்டவில்லை. "ஏங்கண்ணு, நம்மகிட்ட வர்றவங்க தரமான சேவை வேணும்னா கேக்கறாங்க? மோட்டார் ஓடுதுங்க, தண்ணி வரலீங்கன்னுதான சொல்றாங்க" என்றார். மூணாம் வகுப்போடு நின்றவர் அவர். எனக்கு அதுதான் முதல் பாடம்.

அன்று இரவே மாற்றி எழுதினேன்:

'மோட்டார் ஓடுது, தண்ணி வரலையா?'
'பொள்ளாச்சியில் போர் மோட்டார்'
'காயில் கட்டி 2 நாளில் ரெடி'

முதலாவது தேடுகிறவரின் குறை, இரண்டாவது தொழிலும் ஊரும், மூன்றாவது நம் வாக்கு. ஒரே நாளில் என்று எழுத ஆசைதான். ஆனால் வார்னிஷ் காய வேண்டாமா? செய்ய முடியாததை எழுதினால் வந்தவர் திரும்பிப் போவார். காசு மட்டும் போய்விடும். பைக், ஸ்கூட்டர் ஆகிய சொற்களோடு தேடுகிறவர்களுக்கு விளம்பரம் தெரியாதபடி, விலக்கும் சொற்களாக அவற்றையும் குறித்தேன். தலைப்பில் ஆச்சரியக்குறிக்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த முறை 200 ரூபாய்தான் போட்டோம். இரண்டு போன் வந்தது. இரண்டுமே போர் மோட்டார்!

நண்பர்களே, நாளை நாமும் கடை வைப்போம், தொழில் செய்வோம். தலைப்பு எழுத உட்காருமுன் வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் வார்த்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதைத்தான் அவர் தேடவும் செய்வார்.