அதிர்வைத் தணிக்கும் கருவி

நெமிலிச்சேரியில் இருவகைச் சாலைகள் உள்ளன. ஊருக்குள் செல்லும் தெருக்கள் மழைக்காலம் முடிந்ததும் குண்டும் குழியுமாகக் காட்சி தரும். அவற்றில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே அரிது. சற்றுத் தள்ளி வெளிவட்டச் சாலையோ அகன்று நீண்டு கிடக்கிறது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான சுமார் 30 கிலோமீட்டர் பகுதி 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; பின்னர் அது மீஞ்சூர் வரை நீண்டது. காரின் ஓர் உறுப்பு முதல்வகைச் சாலையில் கெடுகிறது. அது கெட்டுவிட்டது என்பதோ இரண்டாம் வகைச் சாலையில்தான் தெரிகிறது. ‘ஷாக் அப்சார்பர்’ என்று நாம் வழங்கும் அதிர்வு தாங்கியே அவ்வுறுப்பு.

சென்ற ஐப்பசி மழையில் என் மாமாவின் பழைய கார் வெளிவட்டச் சாலையில் சென்றுகொண்டிருந்தது. முன்னே சென்ற லாரி திடீரென நின்றது. மாமா பிரேக்கை அழுத்தினார். கார் முன்புறம் தாழ்ந்து, துள்ளித் துள்ளிச் சென்று, லாரிக்கு இரண்டு முழம் இருக்கையில்தான் நின்றது. பிரேக் பழுது என்றே அனைவரும் எண்ணினோம். பட்டறையில் பார்த்தபோது பிரேக்கில் குறையேதும் இல்லை. மெக்கானிக் காரின் முன்மூலையைக் கையால் அழுத்தி விட்டார். அது நான்கு முறை ஆடிய பின்னரே அடங்கியது. “ஷாக் போய் ரொம்ப நாளாச்சு சார்” என்றார். நாள்தோறும் அந்தக் காரை ஓட்டிய மாமாவுக்கு அது தெரியவில்லை!

அதிர்வு தாங்கி என்னும் பெயரே நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவது சுருள்வில். காரின் எடையைச் சுமப்பதும் அதுவே. ஆனால் அமுங்கிய வில் தான் பெற்ற ஆற்றலைத் திருப்பித் தந்தே தீரும். தள்ளிவிட்ட ஊஞ்சல் உடனே நின்றுவிடாதது போல, வில்லின்மேல் அமர்ந்த காரின் உடலும் வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை வீதம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் நாம் கூறும் கருவியின் வேலை. ஆங்கிலேயப் பொறியாளர்கள் இதனை ‘டாம்பர்’, அதாவது தணிப்பான், என்றழைப்பது பொருத்தமே.

அதன் அமைப்பு எளியது. எண்ணெய் நிறைந்த ஓர் உருளை. அதனுள் நுண்துளைகளும் வால்வுகளும் கொண்ட ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் நகர்ந்து, எண்ணெயைத் துளைகளின் வழியே பிதுக்குகிறது. வாளித் தண்ணீரில் கையை மெல்ல அசைத்தால் எளிதாக நகரும். வேகமாக வீசினால் நீர் எதிர்க்கும். அவ்வாறே, அசைவின் வேகம் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்த காரின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான். எண்ணெயில் காற்றுக் குமிழிகள் தோன்றினால் தடை குறைந்துவிடும். அதைத் தவிர்க்க இக்காலக் கருவிகள் பலவற்றில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் அடைக்கின்றனர்.

இத்தத்துவம் நமக்கு அயலானதன்று. பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட இரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் ஐ.சி.எஃப். வகைப் பெட்டிகளில், அச்சின் மேலுள்ள சுருள்விற்களோடு எண்ணெய்த் தணிப்பான்களும் உண்டு. ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியிலோ நைட்ரஜன் வாயுவே வில்லாகவும் எண்ணெய் தணிப்பானாகவும் பணிபுரிகின்றன.

சுகமான பயணம் மட்டுமே இதன் பயன் என்று கருதுவது தவறு. காரின் உடல் மெல்ல ஆட, சக்கரமோ வினாடிக்கு 10 முதல் 15 முறை வரை துடிக்கக்கூடியது. தணிப்பான் தளர்ந்தால் டயர் கணந்தோறும் சாலையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஏ.பி.எஸ். பொருத்திய காரிலும் இக்குறையால் நிற்கும் தூரம் கூடவே செய்யும். மெதுவாகச் செல்லும் தெருவில் வெறும் குலுக்கலாகத் தோன்றும் கோளாறு, வெளிவட்டச் சாலையில் உயிர்ப் பிரச்சினையாகிறது.

இனி, பராமரிப்பு. காரின் ஒவ்வொரு மூலையையும் பலமாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நன்று; இரண்டு முறைக்கு மேல் ஆடினால் பழுது. இச்சோதனை முற்றிலும் தளர்ந்ததை மட்டுமே காட்டும். ஆகவே உருளையில் எண்ணெய் வழிகிறதா என்றும் காணவேண்டும். மெல்லிய ஈரம் இருக்கலாம்; சொட்டக் கூடாது. டயரின்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பது ஓர் அறிகுறி. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பட்டறையில் சோதிப்பது நலம். மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும்; இல்லையேல் கார் ஒருபுறம் நன்றாகவும் மறுபுறம் தளர்ந்தும் ஓடும். இரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, கார் சக்கரங்களின்மேல் நின்ற பிறகே முழுதாக முறுக்கவேண்டும்.

சுருள்வில்லின் இடையே செருகும் இரப்பர் வளையங்களைச் சிலர் மாற்று மருந்தாக நம்புகின்றனர். அவை வில்லைக் கடினமாக்குமே தவிர, தளர்ந்த தணிப்பானின் வேலையைச் செய்யா. அளவுக்கு மீறிய சுமையைத் தவிர்ப்பதும், வேகத்தடைகளில் நிதானமாக ஏறி இறங்குவதுமே செலவில்லாத பராமரிப்பு.

இக்கருவி ஒரே நாளில் கெடுவதில்லை. சிறிது சிறிதாகத் தளர்கிறது. ஓட்டுபவரும் சிறிது சிறிதாக அதற்குப் பழகிவிடுகிறார். பழகிய குறை குறையாகவே தோன்றுவதில்லை. ஆகவே நண்பர்களே, விடுமுறையில் வீட்டுக் காரில் வெளியூர் புறப்படும் முன், நான்கு மூலைகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடமே.