பனியில் பட்ட செடி மீண்டும் துளிர்க்குமா?



ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர்க் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. இலைகள் சிவந்து உதிர்ந்து, காலடியில் சருகு சரசரக்கும். நிழலாக இருந்த இடத்தில் வானம் பளிச்சென்று தெரியும். பால் குறையும், பாலோடு சம்பளமும் குறையும். ஆனாலும் மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து, "பட்டுப்போயிற்று, வெட்டிச் சாயுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? சில வாரங்களில் தளிர் விடும் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பல்லாயிரம் மைலுக்கு அப்பால், இங்கிலாந்தில், இதே பொறுமையைக் கடுங்குளிரில் நின்று கற்றுக்கொண்ட தோட்டக்காரர்கள் உண்டு. அவர்களும் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்தினர்தாம். 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கேட்பவர்களுக்குக் குறைந்த வாடகையில் துண்டு நிலம் ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளூர் மன்றங்கள் மீது வைத்தது. பழைய கணக்கில் ஒரு துண்டு சுமார் 250 சதுர மீட்டர். லயத்துக்குப் பின்னால் நம் தாய்மார்கள் கத்தரியும் வெண்டையும் போட்டதுபோல, அவர்கள் அங்கே உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார்கள்.

உறைந்துபோன நாடு

1962 டிசம்பர் 26ஆம் நாள் பனி கொட்டத் தொடங்கியது. மழையைப் போல ஓடி வடிந்துவிடும் பனியல்ல. பஞ்சுபோல் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும் பனி. ஆண்டு முடியுமுன் அடித்த புயல், தென்மேற்குப் பகுதியில் அதை ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவித்துவிட்டது. 1963 ஜனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி வெப்பமே பூஜ்யத்துக்குக் கீழே 2.1 டிகிரி செல்சியஸ். ஹெர்ன் பே என்னும் ஊரில் கரையோரக் கடல்கூட உறைந்தது! 1740க்குப் பிறகு அத்தகைய குளிர்காலத்தை அந்த நாடு கண்டதில்லை. உறைபனி இல்லாத முதல் காலை வருவதற்கு மார்ச் 6ஆம் தேதி ஆகிவிட்டது.

காய்கறிகள் மண்ணோடு மண்ணாக இறுகிக் கிடந்தன. மண்வெட்டி இறங்கவில்லை. சந்தையில் விலை ஏறியது. தன் துண்டு நிலத்தை நம்பி இருந்த குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய அடி!

பனி உருகியதும் தோட்டக்காரன் கண்டது என்ன? கருகிய இலை, ஒடிந்த கிளை, அழுகிய முட்டைக்கோசு. உடனே எல்லாவற்றையும் பிடுங்கி எறியத்தான் கை துடிக்கும். அங்கேதான் அனுபவசாலிகள், "பொறு" என்பார்கள். ஏன் தெரியுமா?

பனி கொல்லும், பனியே காக்கும்

கேட்க வியப்பாக இருக்கும். கொட்டிக் கிடக்கும் பனி செடிக்குக் கம்பளி போன்றது. அதன் இடுக்குகளில் காற்று தங்கியிருப்பதால், மேலே உள்ள கடுங்குளிர் கீழே எளிதில் இறங்குவதில்லை. ஒரே செடியில் பனிக்கு வெளியே நின்ற பாகம் கருகியிருக்கும். பனிக்குள் புதைந்த பாகம் பச்சையாக இருக்கும்.

பசுமை மாறாத செடிகளுக்கோ வேறொரு ஆபத்து. மண்ணில் தண்ணீர் உறைந்துவிட்டதால் வேர் குடிக்க வழியில்லை. இலையை மட்டும் வறண்ட காற்று உலர்த்திக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பனி இருந்தும் செடி தாகத்தால் சாகும்!

நகத்தால் கேட்டால் மரம் பதில் சொல்லும்

உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. சிறு கிளையில் மேல்தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்த இடம் பட்டுவிட்டது. சற்றுக் கீழே சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடம்வரை இறங்கி வாருங்கள். அதற்கு மேல் உள்ளதை மட்டும் வெட்டினால் போதும். பூச்செடிகள் சில மேலே முழுவதும் பட்டுப்போய், மே அல்லது ஜூன் மாதத்தில் அடியிலிருந்து முளைத்து வருவதும் உண்டு. மார்ச்சில் பிடுங்கி எறிந்தவன், குளிர் விட்டுவைத்ததைத் தன் கையாலேயே கொன்றவன் ஆகிறான்.

ஒட்டு ரோஜாவில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் காட்டு ரோஜா. அதைக் களைந்துவிட வேண்டும். ஒட்டுக் கட்டிய ரப்பர்க் கன்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

பட்டையின் அருமையும் உங்களுக்குப் புதிதல்ல. கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம் என்று கற்றவர்கள் நீங்கள். குளிரில் இரை கிடைக்காத முயல்கள் பழமரத்துப் பட்டையைக் கடித்துத் தின்னும். ஒரு பக்கம் மட்டும் போனால் மரம் பிழைக்கும். சுற்றிலும் முழு வளையமாகப் போய்விட்டால், இலை செய்த உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் மெல்லச் சாகும்.

முதலில் மண், பிறகு உரம்

போத்தல் நிறையத் தண்ணீரை ஐஸ் பெட்டியில் உறைய வைத்தால் வெடித்துவிடும், பார்த்திருப்பீர்கள். உறையும் தண்ணீர் பருக்கும். மண்ணுக்குள் அப்படிப் பருக்கும்போது, இளஞ்செடிகளை வேரோடு மேலே தூக்கிவிடும். மண் சற்று உலர்ந்ததும் அவற்றைத் திரும்ப அழுத்தி நிறுத்த வேண்டும். சொதசொதவென்ற நிலத்தில் நடந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாது. அவசியமானால் பலகை போட்டு அதன்மேல் நிற்பார்கள்.

செடியை விரைவில் தேற்ற எண்ணி அவசரமாக உரம் போடுவதும் கூடாது. மென்மையான துளிர் பொங்கி வரும். மே மாதம்வரை வரக்கூடிய பின்பனி அதைக் கருக்கிவிடும். இந்த நாட்களில் தோட்டக்காரர் சும்மா இருப்பதில்லை. விதை உருளைக்கிழங்கை ஜன்னலோரம் அடுக்கி முளைவிட வைப்பார். ஒடிந்த கிளைகளைச் சீராக வெட்டுவார். குளிரைத் தாங்கி நின்ற லீக்ஸையும் கேல் கீரையையும் பறித்துச் சமையலுக்குக் கொடுப்பார். இழந்ததை எண்ணுமுன், எஞ்சியதை எண்ணிவிடுவார்.

நம் வீட்டுப் பின்கட்டில்

நமக்குப் பனி இல்லை, வெள்ளம் உண்டு. தண்ணீர் வடிந்த மறுநாள், கறிவேப்பிலை இலை உதிர்ந்து நிற்கும்போது, பாராங்கைத் தூக்குமுன் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் விட்டுவையுங்கள். வேரடி மண்ணை மிதிக்காதீர்கள். தேங்கிய நீர் ஓட ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். புதுத் துளிர் கண்டபின் உரம் கொடுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்றார்கள் நம் பெரியவர்கள். மொட்டை மரத்தின் கீழ் நின்று தளிருக்குக் காத்திருந்த தோட்டத்து மக்களுக்கு, அந்தப் பொறுமையை வேறு யார் சொல்லித் தர வேண்டும்?